ஞானஸ்நானம்: எடுப்பதா, பெறுவதா? தண்ணீரில் இறங்குமுன் தெரிந்துகொள்ள வேண்டியவை

ஞானஸ்நான ஆயத்த வகுப்புக்குப் புதிதாக வருகிறவர்கள் உண்மையான கேள்வியைக் கடைசிப் பத்து நிமிடத்தில்தான் கேட்பார்கள். அதுவரை என்ன உடுப்பு, எந்தத் தேதி, சான்றிதழ் எப்போது கிடைக்கும் என்று சுற்றிக்கொண்டிருப்பார்கள். அப்புறம் ஒருவர் தயங்கித் தயங்கி, "இதை எடுக்காமலே செத்துப்போயிட்டா என்ன ஆகும்?" என்பார். அறையே அமைதியாகிவிடும். எல்லார் மனதிலும் இருந்தது அதுதான்.

நான் போதகர் இல்லை. திருநெல்வேலிப் பக்கம் ஒரு சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபையில் அந்த வகுப்புக்குச் சில வருடங்களாக உதவி செய்கிறவன். எட்டு மாதக் குழந்தையாக இருந்தபோது என் தலையில் தண்ணீர் ஊற்றினார்கள். எனக்கு நினைவில்லை, ஓவென்று அழுதேனாம். கல்லூரி விடுதியில் பெந்தெகொஸ்தே நண்பர்கள், "நீ இன்னும் முழுக்கு எடுக்கலையா?" என்று மூன்று வருடம் விடாமல் கேட்டார்கள். கீழே எழுதுவதில் பாதி, அந்த வாக்குவாதத்தில் தோற்றுப்போய் அறைக்குத் திரும்பி வேதாகமத்தைப் புரட்டியபோது படித்தது.

1. முதலில் சொல்லைப் பாருங்கள்

கத்தோலிக்கர் இன்று திருமுழுக்கு என்கிறார்கள். சீர்திருத்த சபைகளில் ஞானஸ்நானம். பெந்தெகொஸ்தே, பாப்டிஸ்ட் வட்டாரங்களில் முழுக்கு ஞானஸ்நானம், சுருக்கமாக முழுக்கு. மூன்றுக்கும் பின்னால் இருப்பது 'பாப்டிஸோ' என்ற ஒரே கிரேக்கச் சொல். தோய்த்தல், அமிழ்த்துதல் என்று பொருள். பழைய ஏற்பாட்டின் கிரேக்க மொழிபெயர்ப்பில், குஷ்டரோகியான நாகமான் யோர்தானில் ஏழு தரம் முழுகிய இடத்தில் இந்தச் சொல்தான் வருகிறது. ஆனால் மாற்கு 7:4இல் செம்பு, கிண்ணம் கழுவுவதற்கும் இதன் பெயர்ச்சொல் வடிவம் வருகிறது. ஆகவே, "கிரேக்கத்தில் இப்படித்தான் இருக்கிறது, ஆகையால் இந்த முறை மட்டுமே சரி" என்று யாராவது மேசையைத் தட்டினால் கொஞ்சம் பொறுத்துக் கேளுங்கள்.

'ஞானம்' என்ற பகுதி கிரேக்கத்தில் இல்லை, நம் மொழியில் சேர்ந்தது. சேர்த்தவர்கள் தெரிந்து செய்தார்களோ என்னவோ, கி.பி. 150 வாக்கில் எழுதிய ஜஸ்டின் என்ற கிறிஸ்தவ அறிஞர் இந்தக் கழுவுதலுக்கு 'ஒளியூட்டல்' என்றொரு பெயரும் இருப்பதாகச் சொல்கிறார். ஞானஸ்நானம் அதற்கு வெகு பக்கத்தில் வந்து நிற்கிறது.

இதைவிட முக்கியமானது வினைச்சொல். நாம் பேசும்போது 'ஞானஸ்நானம் எடுத்தேன்' என்கிறோம், மொட்டை எடுத்தேன், லீவு எடுத்தேன் என்பதுபோல. தமிழ் வேதாகமமோ பெரும்பாலும் 'பெற்றான்', 'பெற்றுக்கொள்ளுங்கள்' என்கிறது. எடுப்பது என் செயல். பெறுவது இன்னொருவர் கையிலிருந்து வருவது. தண்ணீருக்கும் இரட்சிப்புக்கும் என்ன உறவு என்ற இரண்டாயிரம் வருடச் சண்டையை இந்த இரண்டு வினைச்சொற்களுக்குள் அடக்கிவிடலாம். மேலே படிக்கும்போது இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

கவனித்துப் பாருங்கள், ஞானஸ்நானத்தில் யாரும் தானே முழுகுவதில்லை. இராமேஸ்வரம் அக்னி தீர்த்தக் கடலில் முழுகுகிறவரும், 12 வருடத்துக்கு ஒருமுறை கும்பகோணம் மகாமகக் குளத்தில் இறங்குகிறவரும் தாமே போய் நீராடலாம். அடுத்த தடவையும் வரலாம். ஞானஸ்நானத்தில் இன்னொருவர் கை வேண்டும், அதுவும் ஒரே ஒரு முறை. யோர்தானுக்கு வந்த இயேசுகூட யோவானின் கையில்தான் பெற்றார். யோவான் தடுத்துப் பார்த்தும் கேட்கவில்லை.

2. ஒரு வாரம் ஒதுக்கி இந்தப் பகுதிகளை வாசியுங்கள்

யாருடைய விளக்கத்தையும் கேட்குமுன் இதைச் செய்துவிடுங்கள். ஒரு நாளைக்கு ஒரு பகுதி போதும். ஒரு வசனத்தை மட்டும் பிடித்துக்கொண்டால் எந்தக் கட்சிக்கு வேண்டுமானாலும் வாதாடலாம். எல்லாவற்றையும் சேர்த்து வாசித்தால்தான் வாய் கொஞ்சம் அடங்கும்.

முதலில் அப்போஸ்தலர் 2:37 முதல் 41 வரை. பெந்தெகொஸ்தே நாளில் பேதுருவின் பிரசங்கத்தைக் கேட்டவர்கள், "நாங்கள் என்ன செய்யவேண்டும்?" என்கிறார்கள். "நீங்கள் மனந்திரும்பி, ஒவ்வொருவரும் பாவமன்னிப்புக்கென்று இயேசுகிறிஸ்துவின் நாமத்தினாலே ஞானஸ்நானம் பெற்றுக்கொள்ளுங்கள்" என்பது பதில். அன்றைக்கே ஏறக்குறைய 3,000 பேர். இங்கே மனந்திரும்புதலும் தண்ணீரும் மன்னிப்பும் ஒரே மூச்சில் வருகின்றன.

அடுத்து 8ஆம் அதிகாரம் முழுவதும். இதில் ஞானஸ்நானம் பெறுகிறவர்கள் பலர். அவர்களில் இரண்டு பேரைக் கவனியுங்கள், இருவருக்கும் கொடுத்தவர் சுவிசேஷகர் பிலிப்புதான். ஒருவன் சமாரியாவின் மாயவித்தைக்காரன் சீமோன். விசுவாசித்தான், தண்ணீரில் இறங்கினான், பிலிப்புவைப் பற்றிக்கொண்டு திரிந்தான். பிறகு ஆவியின் வரத்தைப் பணம் கொடுத்து வாங்கப் பார்த்தான். பேதுரு அவனிடம் உன் இருதயம் செம்மையாக இல்லை என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். இன்னொருவர் எத்தியோப்பிய மந்திரி. வனாந்தர வழியில் ரதத்தில் உட்கார்ந்து ஏசாயா வாசித்துக்கொண்டிருந்தவர், வழியோரம் தண்ணீரைக் கண்டதும், "இதோ, தண்ணீர் இருக்கிறதே, நான் ஞானஸ்நானம் பெறுகிறதற்குத் தடையென்ன" என்று தாமே கேட்கிறார். கொடுத்த கையும் பெற்ற தண்ணீரும் ஒன்றுதான், ஆனால் முடிவு ஒன்றல்ல. தண்ணீர் மந்திரம் இல்லை என்பதற்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது.

பத்தாம் அதிகாரத்தில் கொர்நேலியுவின் வீடு. பேதுரு பேசிக்கொண்டிருக்கும்போதே, ஒரு சொட்டுத் தண்ணீர் படுமுன்னே, பரிசுத்த ஆவி அவர்கள்மேல் இறங்கிவிடுகிறார். "பார்த்தீர்களா, தண்ணீர் தேவையே இல்லை" என்று சொல்ல ஆசையாக இருக்கும். பேதுருவோ நேர்மாறாக, ஆவியைப் பெற்ற இவர்களுக்குத் தண்ணீரை யார் தடுக்கமுடியும் என்று கேட்டு ஞானஸ்நானத்துக்குக் கட்டளை கொடுக்கிறார். என் விடுதி நண்பர்களும் நானும் ஒரே சமயத்தில் வாயடைத்துப்போன இடம் இது.

பதினாறாம் அதிகாரத்தில் பிலிப்பி பட்டணத்துச் சிறைக்காரன். பூமியதிர்ச்சி வந்த நடுராத்திரி. "இரட்சிக்கப்படுவதற்கு நான் என்ன செய்யவேண்டும்?" என்று அவன் கேட்க, "கர்த்தராகிய இயேசுகிறிஸ்துவை விசுவாசி" என்கிறார்கள். அந்தப் பதிலில் தண்ணீரே இல்லை. ஆனால் அதே இராத்திரியில் அவன் அவர்களுடைய காயங்களைக் கழுவுகிறான். உடனே அவனும் அவன் வீட்டாரும் ஞானஸ்நானம் பெறுகிறார்கள். விடியும்வரைகூடக் காத்திருக்கவில்லை.

லூக்கா 23இல் சிலுவையில் தொங்கிய கள்ளன். ஞானஸ்நானத்துக்கு வழியே இல்லாதவன். "இன்றைக்கு நீ என்னுடனேகூடப் பரதீசிலிருப்பாய்" என்ற வாக்கு அவனுக்குக் கிடைத்தது. வகுப்பில் கடைசிப் பத்து நிமிடத்தில் வரும் கேள்விக்கு நான் முதலில் திறந்து காட்டுவது இந்தப் பக்கத்தைத்தான். ஒன்றை மட்டும் சேர்த்துச் சொல்வேன்: கள்ளனின் கையில் ஆணி இருந்தது. நம் கையில் இல்லை.

மாற்கு 16:16ஐ எல்லாரும் மேற்கோள் காட்டுவார்கள். "விசுவாசமுள்ளவனாகி ஞானஸ்நானம் பெற்றவன் இரட்சிக்கப்படுவான், விசுவாசியாதவனோ ஆக்கினைக்குள்ளாகத் தீர்க்கப்படுவான்." இரண்டாவது பாதியில் ஞானஸ்நானம் பெறாதவன் என்று இல்லை, விசுவாசியாதவன் என்றுதான் இருக்கிறது. இதோடு இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள்: மாற்கின் 16:9 முதல் 20 வரை உள்ள பகுதி மிகப் பழைய இரண்டு கிரேக்கப் பிரதிகளில் இல்லை. இந்த ஒரு வசனத்தின்மேல் மட்டும் வீடு கட்டாதீர்கள்.

கடைசியாக ரோமர் 6:3-4. இங்கேதான் நிதானமாக உட்கார வேண்டும். ஞானஸ்நானம் என்றால் குளிப்பது என்று நினைத்துக்கொண்டு வந்தவரிடம் பவுல், இது அடக்கம் என்கிறார். கிறிஸ்துவின் மரணத்துக்குள் அவரோடு அடக்கம்பண்ணப்பட்டு, அவர் எழுந்ததுபோல நாமும் புதிய ஜீவனில் நடப்பதற்காக. நமக்கு இது புரியாத காரியம் அல்ல. துட்டி வீட்டுக்குப் போய்வந்தால் குளிக்காமல் வாசற்படி ஏறமாட்டோம். சாவும் தலைமுழுக்கும் நம்மிடம் சேர்ந்தே வருகின்றன. ஒரே வித்தியாசம், நம் வழக்கத்தில் குளிப்பவர் உயிரோடிருப்பவர், சாவு இன்னொருவருடையது. இங்கே குளிப்பவரும் செத்தவரும் ஒரே ஆள். செத்தவர் தன்னைத் தானே அடக்கம் செய்துகொள்ள முடியாது என்பதால்தான் இன்னொருவர் கை வேண்டியிருக்கிறது.

நேரம் இருந்தால் எபேசியர் 2:8ஐயும் 1 பேதுரு 3:21ஐயும் அடுத்தடுத்து வையுங்கள். முதலாவது, இரட்சிப்பு கிருபையினாலே, விசுவாசத்தைக்கொண்டு, தேவனுடைய ஈவு என்கிறது. இரண்டாவது, ஞானஸ்நானம் 'இரட்சிக்கிறது' என்று நேராகவே சொல்லிவிட்டு, அது உடம்பின் அழுக்கை நீக்குவது அல்ல, நல்மனச்சாட்சியின் உடன்படிக்கை என்கிறது. 'உடன்படிக்கை' என்று நாம் வாசிக்கும் இடத்திலுள்ள கிரேக்கச் சொல்லுக்கு, தேவனிடம் வைக்கும் விண்ணப்பம் என்றும் பொருள் கொள்ளலாம், அவருக்குக் கொடுக்கும் வாக்குறுதி என்றும் பொருள் கொள்ளலாம். மறுபடியும் பெறுவதா, கொடுப்பதா என்ற அதே இடம்.

3. உங்கள் சபை என்ன நம்புகிறது என்று நேராகக் கேளுங்கள்

சபைகள் ஒரே மாதிரி சொல்வதில்லை. நீங்கள் போகும் சபையின் நிலை தெரியாமல் தண்ணீரில் இறங்கினால் ஆறு மாதம் கழித்துக் குழப்பம் வரும்.

கத்தோலிக்கத் திருச்சபையும் கீழைத் திருச்சபைகளும் திருமுழுக்கை அருளடையாளமாகக் கொள்கின்றன. கடவுள் அதன் வழியாக உண்மையிலேயே மன்னித்து மறுபிறப்புத் தருகிறார் என்பது அவர்கள் போதனை. அதற்காக, தண்ணீர் இல்லாமல் இறந்தவர் எல்லாரும் அழிந்தார் என்று கத்தோலிக்கர் சொல்வதில்லை. மீட்பைக் கடவுள் திருமுழுக்கோடு பிணைத்திருக்கிறார், ஆனால் அவரே அருளடையாளங்களுக்குள் கட்டுப்பட்டவர் அல்லர் என்று அவர்களுடைய மறைக்கல்வி நூலே சொல்கிறது. திருமுழுக்கை விரும்பிக் காத்திருக்கும்போதே இறந்தவரையும், விசுவாசத்துக்காக இரத்தம் சிந்தியவரையும் பெற்றவராகவே கருதுகிறார்கள். உயிர் போகும் அவசரத்தில் திருச்சபை செய்யும் நோக்கத்தோடு யார் வேண்டுமானாலும் கொடுக்கலாம், கிறிஸ்தவர் அல்லாத செவிலியர்கூட. இது பலருக்குத் தெரியாது.

லூத்தரன் சபைகளும் ஏறக்குறைய இதே பக்கம்தான். சீர்திருத்தத்தைத் தொடங்கிவைத்த லூத்தர் 1529இல் எழுதிய சிறிய ஞானோபதேசத்தில், தண்ணீர் எப்படி இவ்வளவு பெரிய காரியங்களைச் செய்யும் என்று ஒரு கேள்வி இருக்கிறது. தண்ணீர் அல்ல, தண்ணீரோடு இருக்கும் தேவனுடைய வார்த்தையும், அந்த வார்த்தையை நம்பும் விசுவாசமும் என்பது பதில். 1706இல் தரங்கம்பாடிக்கு வந்திறங்கிய ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு தமிழரிடம் கொண்டுவந்தது இந்தப் போதனையைத்தான்.

பாப்டிஸ்ட், பிரதரன், பெந்தெகொஸ்தே சபைகளில் வரிசை வேறு. முதலில் மனந்திரும்புதல், விசுவாசம், இரட்சிப்பு. அப்புறம் அதைச் சபைக்கும் ஊருக்கும் அறிவிக்கும் சாட்சியாக, கர்த்தருடைய கட்டளைக்குக் கீழ்ப்படிதலாக, முழுக்கு. குழந்தைக்கு விசுவாசிக்கத் தெரியாது என்பதால் குழந்தைக்குக் கொடுப்பதில்லை. பெந்தெகொஸ்தே சபைகள் இதற்கு மேலே பரிசுத்த ஆவியின் அபிஷேகம் என்று தனியாக ஒன்றைச் சொல்லும். இரண்டையும் ஒன்றாக எண்ணிக் குழம்ப வேண்டாம்.

சி.எஸ்.ஐ. நடுவில் நிற்கிறது. குழந்தைகளுக்குக் கொடுத்து, வளர்ந்தபின், அவர்களே தங்கள் விசுவாசத்தை அறிக்கையிடும் திடப்படுத்தல் வைக்கிறோம். பெரியவர்களாக வருகிறவர்களுக்குத் தண்ணீர் ஊற்றியும் கொடுக்கலாம், முழுக்கியும் கொடுக்கலாம். இந்தப் பக்கம் 'சர்ச் ஆஃப் கிறைஸ்ட்' சபைகள் பாவமன்னிப்பு முழுக்கில்தான் கிடைக்கிறது என்று உறுதியாகப் போதிக்கும். அந்தப் பக்கம் இரட்சணிய சேனை தண்ணீர் ஞானஸ்நானமே கொடுப்பதில்லை. இத்தனைபேரும் கையில் வைத்திருப்பது ஒரே வேதாகமம்தான்.

என் கருத்தைக் கேட்டால் சொல்கிறேன், பிடிக்காவிட்டால் விட்டுவிடுங்கள். தண்ணீர் உங்களை இரட்சிக்காது, கிறிஸ்து இரட்சிக்கிறார். ஆனால் ஞானஸ்நானம் 'வெறும் அடையாளம்' என்ற பேச்சு எனக்கு ஒப்பவில்லை. அப்போஸ்தலர் நடபடிகளில் விசுவாசித்துவிட்டு, "ஞானஸ்நானம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்" என்று வீட்டுக்குப் போனவர் ஒருவரைக்கூட நான் காணவில்லை. தேவன் கொடுப்பதைப் பெற்றுக்கொள்ளும் கை விசுவாசம். அந்தக் கை நீளும் இடம் தண்ணீர்.

4. குழந்தையிலேயே கொடுத்திருந்தால்

மூன்று வருடம் நான் பட்ட பாடு இதுதான். பிதா, குமாரன், பரிசுத்த ஆவியின் நாமத்தில் தண்ணீரால் கொடுக்கப்பட்ட ஞானஸ்நானத்தை கத்தோலிக்க, லூத்தரன், சி.எஸ்.ஐ. சபைகள் பொதுவாகத் திரும்பக் கொடுப்பதில்லை. எபேசியர் 4:5இன் "ஒரே ஞானஸ்நானம்" அவர்கள் காட்டும் காரணம். பாப்டிஸ்ட், பெந்தெகொஸ்தே சபைகளோ, குழந்தையில் நடந்தது ஞானஸ்நானமே அல்ல, ஆகையால் இது இரண்டாவதும் அல்ல என்பார்கள்.

இந்தச் சண்டையில் உயிர்களே போயிருக்கின்றன. 1525 ஜனவரியில் சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரத்தில் சிலர் ஒரு வீட்டில் கூடி, பெரியவர்களாக ஒருவருக்கொருவர் ஞானஸ்நானம் கொடுத்தார்கள். அவர்களில் பெலிக்ஸ் மான்ஸ் என்பவரை 1527 ஜனவரியில் லிம்மாட் ஆற்றில் மூழ்கடித்துக் கொன்றார்கள், அதுவும் சீர்திருத்த நகர சபையின் உத்தரவால். தண்ணீரைக் கேட்டவனுக்குத் தண்ணீராலேயே தண்டனை. இன்று நிலைமை எவ்வளவோ மேல். 1970இல் உருவான வட இந்தியத் திருச்சபையில் பாப்டிஸ்டுகளும் சேர்ந்தார்கள். அங்கே குழந்தை ஞானஸ்நானம், விசுவாசிகளின் ஞானஸ்நானம் இரண்டுக்குமே இடம் உண்டு.

நீங்கள் செய்ய வேண்டியது: உங்களுக்குக் குழந்தையில் கொடுத்தார்களா என்று பெற்றோரிடமும் அந்தச் சபையின் ஞானஸ்நானப் பதிவேட்டிலும் விசாரியுங்கள். அப்புறம் இரண்டு பக்கப் போதகர்களிடமும் பேசுங்கள். நண்பர்களின் நச்சரிப்பு தாங்காமல் மட்டும் இறங்காதீர்கள். நான் இறங்கவில்லை. எட்டு மாதத்தில் கிடைத்ததை நான் எடுக்கவில்லை, பெற்றேன் என்று ஒருநாள் புரிந்தது; அது எனக்குப் போதுமானதாக இருந்தது. வேறு முடிவுக்கு வந்த நண்பர்கள் இன்னும் நண்பர்கள்தான்.

5. வகுப்பில் கேட்கப்படுவது, நீங்கள் கேட்க வேண்டியது

சில சபைகளில் இரண்டு ஞாயிறு வகுப்போடு முடிந்துவிடும். கத்தோலிக்கத் திருச்சபையில் பெரியவர்களாகச் சேருகிறவர்களுக்குப் பல மாதங்கள் நடந்து, வழக்கமாகப் பாஸ்கா திருவிழிப்பு (ஈஸ்டருக்கு முந்தின) இரவில் திருமுழுக்கு. இது பழைய வழக்கம். அகுஸ்தினார் மிலான் நகரில் ஆயர் அம்புரோசின் கையில் பெற்றதும் 387ஆம் வருடப் பாஸ்கா இரவில்தான்.

பெரும்பாலும் உங்களிடம் கேட்கப்போவது மூன்று: பாவத்தை விட்டுத் திரும்புகிறீர்களா, இயேசுவைக் கர்த்தராக விசுவாசிக்கிறீர்களா, சபையோடு சேர்ந்து நடப்பீர்களா. சாட்சி சொல்லச் சொன்னால் ஐந்து நிமிடத்துக்குள் முடியுங்கள். பழைய பாவத்தை விலாவாரியாக விவரிக்க வேண்டாம். உங்கள் வீட்டார் கூட்டத்தில் உட்கார்ந்திருப்பார்கள்.

நீங்களும் கேளுங்கள். இதற்கு முன் பெற்ற ஞானஸ்நானத்தை ஏற்பீர்களா? வேறு சபைக்குப் போனால் இது செல்லுமா? நகை, பொட்டு, உணவு பற்றிச் சபைக்குத் தனி ஒழுங்கு உண்டா? சில சபைகளில் உண்டு. அதை முந்தின நாள் ராத்திரி தெரிந்துகொள்வது நல்லதல்ல. எந்த நாமத்தில் கொடுக்கிறீர்கள்? பெரும்பாலான சபைகள் மத்தேயு 28:19இன்படி பிதா குமாரன் பரிசுத்த ஆவியின் நாமத்தில் கொடுக்கின்றன. 'இயேசுவின் நாமத்தில்' மட்டும் கொடுக்கும் சபைகளும் உண்டு, அந்த ஞானஸ்நானத்தை மற்றச் சபைகள் பல ஏற்பதில்லை.

முழுகினால் வியாதி போய்விடும், கடன் தீரும், விசா கிடைக்கும் என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். வேதாகமத்தில் அப்படி ஒரு வாக்குத்தத்தம் கிடையாது. ஞானஸ்நானத்துக்குக் கட்டணம் கேட்டாலும் அப்படியே. சீமோன் ஞாபகம் வரட்டும்.

உபவாசம் இருக்கச் சொல்வார்கள். இதுவும் புதிதல்ல. முதல் நூற்றாண்டின் கடைசியிலோ இரண்டாவதின் தொடக்கத்திலோ எழுதப்பட்ட 'திதாகே' என்ற சிறு கையேடு, பெறுகிறவர் ஒன்றிரண்டு நாள் உபவாசிக்கட்டும் என்கிறது. சர்க்கரை வியாதிக்கு மாத்திரை போடுகிறவர்கள் போதகரிடம் சொல்லிவிட்டுச் சாப்பிட்டு வாருங்கள். ஒரு குறையும் இல்லை.

6. வீடு, சான்றிதழ், சட்டம்

வேறு சமயக் குடும்பத்திலிருந்து வருகிறீர்களென்றால், வீட்டில் சொல்லிவிட்டு வருவதே நல்லது. அவர்கள் ஒத்துக்கொள்ளாமல் போகலாம், ஆனால் பக்கத்து வீட்டார் வாட்ஸ்அப்பில் படம் பார்த்து வந்து சொல்லும் நிலை வேண்டாம். பதினெட்டு வயது ஆகாதவர்களைப் பெற்றோர் சம்மதமில்லாமல் எந்தப் பொறுப்புள்ள சபையும் முழுக்காது.

இடஒதுக்கீடு பற்றிச் சபைகள் பெரும்பாலும் வாய் திறப்பதில்லை. அது எனக்குச் சரியாகப் படவில்லை, அதனால் சொல்லிவிடுகிறேன். 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணையும் அதன் திருத்தங்களும் பட்டியல் சாதித் தகுதியை இந்து, சீக்கிய, பௌத்த சமயத்தவருக்கு மட்டுமே தருகின்றன. தமிழ்நாட்டில் பட்டியல் சாதியிலிருந்து கிறிஸ்தவரானவர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருகிறார்கள். 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம், குழந்தையிலேயே ஞானஸ்நானம் பெற்றுத் தொடர்ந்து ஆலயத்துக்குப் போய்வந்த புதுச்சேரிப் பெண் ஒருவர் தம்மை இந்து என்று சொல்லிப் பட்டியல் சாதிச் சான்று கேட்டதை ஏற்கவில்லை. அந்த வழக்கில் ஞானஸ்நானமே ஒரு சாட்சியமாக எடுத்துக்கொள்ளப்பட்டது. இந்தச் சட்டம் நியாயமா என்பது பெரிய விவாதம், தலித் கிறிஸ்தவர்கள் பல பத்தாண்டுகளாகப் போராடிவருகிறார்கள். அது வேறு. உங்கள் படிப்பும் வேலையும் இதில் மாட்டியிருந்தால் முன்கூட்டியே ஒரு வழக்கறிஞரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு முடிவெடுங்கள். தெரிந்து கொடுக்கும் விலை வேறு, தெரியாமல் இழப்பது வேறு.

பெயர் மாற்றுவது கட்டாயம் அல்ல. கொர்நேலியு கடைசிவரை கொர்நேலியுதான். விரும்பி மாற்றியவர்களும் உண்டு: திருவிதாங்கூர் அரண்மனையில் அதிகாரியாயிருந்த நீலகண்ட பிள்ளை 1745இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்றபோது, லாசர் என்ற பெயரைத் தமிழாக்கி தேவசகாயம் ஆனார். 2022இல் வத்திக்கானில் புனிதராக அறிவிக்கப்பட்டவர் அவர்தான். நீங்கள் பெயர் மாற்றினால் சபைச் சான்றிதழ் மட்டும் போதாது, அரசு ஆவணங்களில் ஏற்ற வழக்கமாக அரசிதழில் வெளியிட வேண்டியிருக்கும்.

7. அந்த நாளில்

ஊற்றும் முறையென்றால் பெரிய ஏற்பாடு ஒன்றும் வேண்டாம். தலை குனிந்து நிற்பீர்கள், மூன்று முறை தண்ணீர் விழும். கத்தோலிக்க ஆலயத்தில் இதோடு கிறிஸ்மா என்னும் புனித எண்ணெய், வெள்ளை ஆடை, பாஸ்கா திரியில் ஏற்றிய மெழுகுவர்த்தி எல்லாம் உண்டு.

முழுக்குக்குத்தான் ஆயத்தம் தேவை. வெள்ளை உடுப்பு என்று சொல்லியிருந்தால் கனமான துணியாகப் பாருங்கள், உள்ளே அடர் நிறத்தில் இன்னொன்று போடுங்கள். நனைந்த மெல்லிய வெள்ளைத் துணி எப்படியிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. பெண்கள் சேலையைவிடச் சுடிதார் உடுத்துவது நல்லது. சேலைதான் வேண்டுமென்றால் நன்றாகப் பின் குத்துங்கள். மாற்றுடுப்பு, இரண்டு துவாலை, ஈரத் துணிக்கு ஒரு பிளாஸ்டிக் பை. கண்ணுக்குள் வைக்கும் லென்ஸைக் கழற்றிவிடுங்கள். வலிப்பு, இருதய நோய், கர்ப்பம், தண்ணீர் பயம், எதுவாக இருந்தாலும் முன்பே சொல்லுங்கள்.

மேடைக்குக் கீழே கட்டிய தொட்டி, தோட்டத்துப் பம்ப்செட் தொட்டி, ஆறு, கடல் எல்லாம் வழக்கத்தில் உண்டு. ஆறென்றால் அணையில் தண்ணீர் திறந்திருக்கிறார்களா என்று விசாரிக்க வேண்டியது ஏற்பாடு செய்கிறவர் பொறுப்பு, ஆனாலும் நீங்களும் கேளுங்கள். தாமிரபரணி அமைதியாகத்தான் தெரியும், இழுவை உள்ளே இருக்கும். ஒருமுறை தொட்டி நிரம்பிக்கொண்டிருக்கும்போதே கரண்ட் போய்விட்டது. முழங்கால் அளவுத் தண்ணீரில் எண்பது கிலோ ஆளை முழுக்கியே தீருவதென்று மூன்று பேர் முயன்றோம். முழங்கை மட்டும் வெளியே நின்றது. பின்வரிசையில் ஒரு பாட்டி, "கையையும் சேர்த்து அமுக்குங்கய்யா!" என்று கத்தினார். திதாகே அப்போது எனக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும்: ஓடுகிற தண்ணீர் நல்லது, இல்லாவிட்டால் வேறு தண்ணீர், குளிர்ந்தது முடியாவிட்டால் வெந்நீர், எதுவுமே போதாவிட்டால் தலையில் மூன்று முறை ஊற்று என்று அத்தனை தாராளமாகச் சொல்கிறது அது. வயதானவர்களுக்கும் படுக்கையில் இருப்பவர்களுக்கும் இதையே சொல்வேன். யோர்தான் தண்ணீர் பாட்டிலுக்காக யாரையும் அலையவிடவும் வேண்டாம். யோர்தான் நாட்டில் அல் மக்தாஸ் என்னும் இடம் இயேசு ஞானஸ்நானம் பெற்ற இடமென்று போற்றப்படுகிறது. 2015இல் யுனெஸ்கோ பட்டியலிலும் சேர்ந்தது. ஆனால் அங்கே ஓடும் தண்ணீர் நம் ஊர் வாய்க்காலைவிடக் கலங்கல்.

தொட்டிக்குள் போதகர் உங்கள் முதுகில் ஒரு கையும் மார்புப் பக்கம் கட்டிய உங்கள் கைகளின்மேல் ஒரு கையும் வைப்பார். நாமத்தைச் சொல்லி முடித்ததும் பின்பக்கமாகச் சாய்ப்பார். மூக்கைப் பிடித்துக்கொள்ளுங்கள், முழங்காலைக் கொஞ்சம் மடியுங்கள், உடம்பைத் தளர விடுங்கள். விறைப்பாக நின்றால் இரண்டு பேருக்குமே கஷ்டம். நீங்களாக முங்கப் பார்க்க வேண்டாம், அவர் கையில் விட்டுவிடுங்கள். இரண்டு மூன்று நொடிதான். காதில் தண்ணீர் அடைத்துக்கொண்டு, வெளியே பாட்டுச் சத்தம் தூரத்தில் கேட்பதுபோலக் கேட்கும். எழும்பும்போது படியில் வழுக்கும், கைப்பிடியைப் பிடியுங்கள்.

8. அடுத்த ஞாயிறு

ஒன்றும் மாறவில்லையே என்று சிலருக்கு மறுநாளே தோன்றும். கண்ணீர், நடுக்கம், ஒளி என்று மற்றவர்கள் சொன்ன எதுவும் வராமல் போயிருக்கலாம். பயப்படாதீர்கள். பெறுவதற்கு உணர்ச்சி நிபந்தனை இல்லை. இயேசுவும் யோர்தானிலிருந்து ஏறியவுடன் போனது வனாந்தரத்துக்குத்தான்.

மறுபடி பாவத்தில் விழுந்தால் இன்னொரு தடவை முழுக வேண்டுமா என்பது அடுத்த மாதத்தில் வரும் கேள்வி. வேண்டாம். நான்காம் நூற்றாண்டில் இந்தப் பயத்தாலேயே பலர் சாகும்வரை தள்ளிப்போட்டார்கள், கான்ஸ்டன்டைன் பேரரசர்கூட 337இல் மரணப் படுக்கையில்தான் பெற்றார். லூத்தர் சொன்ன வழி இதைவிட எளிது: நமக்குள் இருக்கும் பாவ மனிதனாகிய பழைய ஆதாமைத் தினமும் மனஸ்தாபத்தால் அந்தத் தண்ணீருக்குள்ளேயே மூழ்கடிக்க வேண்டும். அறிக்கையிடுங்கள், எழும்புங்கள், திருவிருந்துக்குப் போங்கள்.

சான்றிதழில் பெயர், பிறந்த தேதி, ஞானஸ்நானத் தேதி, கொடுத்தவர் பெயர், பதிவேட்டு எண் எல்லாம் சரியாக இருக்கிறதா என்று கையெழுத்தாகுமுன் பாருங்கள். ஆலயத்தில் கல்யாணம் வைக்கும்போது இதைத்தான் முதலில் கேட்பார்கள். அதற்குள் பாதிப்பேர் தொலைத்துவிட்டு, என்னிடம் வந்து, "அண்ணே, நான் எந்த வருஷம் எடுத்தேன்?" என்று கேட்கிறார்கள்.